கைபேசியின் சுவையைக் குறைத்து வேலையின் சுவையைக் கூட்டுவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருந்தபடி நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களுமே பெரும்பாலும் வரும். பஸ்களின் ஹோர்ன் சத்தமோ கரையோர ரயிலின் இரைச்சலோ என் வேலையைக் கெடுத்ததில்லை. கெடுத்தது, மேசையில் குப்புறக் கிடந்த கைபேசிதான். ஒருமுறை எல்லை விவரணம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது இடையில் இரண்டு தடவை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கிழக்கு எல்லையையும் மேற்கு எல்லையையும் மாற்றி எழுதிவிட்டேன். சட்டத்தரணியின் மேசைக்குப் போன பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது.

மனவுறுதி போதாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூளையின் வெகுமதித் தொகுதி எப்படி இயங்குகிறது என்பதை வாசித்த பிறகு, உறுதியை வளர்ப்பதைவிட மேசையை ஒழுங்குபடுத்துவதே பயன்தரும் என்று தெரிந்தது. ஆகவே செய்முறைக்கு முன் அந்த இயக்கத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

1954இல், மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கும் என்று அறிந்த எலிகள் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தின. அந்தப் பகுதிக்கு ‘இன்ப மையம்’ என்ற பெயர் பரவியது. ஆனால், பின்னர் நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் செய்த ஆய்வுகளில், வெகுமதித் தொகுதியில் செய்தி கடத்தும் இரசாயனமான டோபமின் அகற்றப்பட்ட எலிகள் வாயில் விட்ட இனிப்பைச் சுவைத்தன. உணவைத் தேடித்தான் போகவில்லை. அதாவது டோபமின் தருவது இன்பத்தைவிட, ‘அது வேண்டும்’ என்ற இழுப்பையே. இன்னொரு நரம்பியல் ஆய்வாளரான வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டது இதை இன்னும் தெளிவாக்குகிறது. பழச்சாறு வருமுன் ஒரு சமிக்ஞை காட்டிப் பழக்கியதும், டோபமின் நரம்புக்கலங்கள் சாற்றுக்கு எழும்பாமல் சமிக்ஞைக்கே எழும்பின. எதிர்பார்த்த சாறு வராதபோது அவற்றின் துடிப்பு வழமையைவிடக் கீழிறங்கியது. 2003இல் வெளியான ஆய்வொன்றில், வெகுமதி கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் சம வாய்ப்பு இருக்கும்போது காத்திருக்கும் நேரத்தின் துடிப்பு மிகக் கூடுதலாக இருந்ததாக அவரும் சகாக்களும் காட்டினார்கள்.

கைபேசியின் பலம் இங்கேதான் இருக்கிறது. என் வட்ஸ்அப்பில் பழைய மாணவர் சங்கம், மருமகளின் திருமண ஏற்பாடு, தொடர்மாடி நிர்வாகம் என்று குழுக்கள் உண்டு. ஐம்பது ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவில் ஒரேயொரு செய்தி உண்மையாகவே முக்கியமானதாக இருக்கும். அது எப்போது வரும் என்று தெரியாது. எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாமல் கொத்திக்கொண்டே இருந்த, உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகூடப் புறாக்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

எனவே முதல் வேலை, கைபேசியிலிருந்து அந்த நிச்சயமின்மையை எடுத்துவிடுவது. அழைப்பு தவிர்ந்த எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். செய்தி பார்ப்பதற்கு நாளில் மூன்று நேரங்களை ஒதுக்குங்கள். எனக்கு அவை காலை ஒன்பதரை, மதியம் ஒன்று, மாலை ஐந்தரை. இந்த நேரங்களைத் தெரிவதில் கொழும்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கோடைகாலத்தில் நமக்குக் காலை ஆறரை என்றால் ரொறன்ரோவில் முந்தைய இரவு ஒன்பது மணி. அங்குள்ள உறவினர்கள் சாப்பிட்டு முடித்து ஆறுதலாகப் படங்கள் அனுப்பும் நேரமும் நம் மூளை தெளிவாக இருக்கும் நேரமும் ஒன்றாகவே வந்துசேர்கின்றன. காலை ஒன்பதரைக்கு முன் திறப்பதில்லை என்று அவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள். நிர்வாகக் குழுவில் வந்த தண்ணீர்வெட்டு அறிவித்தலைத் தவறவிட்டு, ஒருநாள் சவர்க்கார நுரையுடன் நின்றேன். இப்போது அப்படியான செய்தியைக் காவலாளி அழைத்துச் சொல்கிறார்.

கைபேசியை மேசை லாச்சியில் வைப்பதைவிட வேறு அறையில் வைப்பது நல்லது. எழுந்து நடக்க வேண்டியிருந்தாலே இழுப்பு பாதியாகிவிடுகிறது. திரையைச் சாம்பல் நிறமாக்குவதும் உதவும். முதல் சில நாட்கள் கை தானாகவே மேசையைத் தடவும், இனந்தெரியாத எரிச்சலும் வரும். பழகிய வெகுமதி வராததால் மூளை ஏமாறுகிறது என்று எடுத்துக்கொண்டு இருந்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை கடினமானது. வேலை கைபேசியிடம் தோற்பதற்குக் காரணம், அதன் பலன் வெகுதூரத்தில் இருப்பதுதான். பதினான்கு பக்கக் காணி உறுதிக்குக் கூலி வருவது அடுத்த மாதம். ஆகவே வேலையை இருபது அல்லது இருபத்தைந்து நிமிடத்தில் முடியக்கூடிய துண்டுகளாக வெட்டுங்கள். ‘உறுதியை முடிப்பது’ என்று எழுதாமல், ‘இரண்டாம் அட்டவணையின் எல்லை விவரணம்’ என்று, முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகமே எழாதபடி எழுதுங்கள். அதைக் கணினியில் எழுதாமல் கடதாசியில், பேனையால் எழுதுங்கள். பெட்டிக்குள் சரி போடும்போது கைக்கே ஒரு திருப்தி உண்டு. பட்டியலின் முதல் இரண்டு பெட்டிகளில், ஏற்கெனவே செய்துவிட்ட சிறு வேலைகளை எழுதிச் சரி போட்டுவிடுங்கள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 2006இல் நூனெஸ், டிரேஸ் என்னும் ஆய்வாளர்கள் கார் கழுவும் நிலையமொன்றில் சலுகை அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, எட்டு முத்திரை தேவைப்பட்ட வெற்று அட்டையை 19 சதவீதத்தினரும், பத்து தேவைப்பட்டாலும் இரண்டு முன்கூட்டியே குத்தப்பட்ட அட்டையை 34 சதவீதத்தினரும் நிரப்பினார்கள். இரு சாராரும் காரைக் கழுவ வேண்டியிருந்தது எட்டே தடவைதான்.

ஒரு துண்டு முடிந்ததும் பரிசு உடனே வர வேண்டும். அது சிறியதாகவும் தானாகவே முடிந்துபோவதாகவும் இருக்க வேண்டும். யூடியூப் பரிசாகாது, ஏனெனில் அதற்கு முடிவில்லை. என் பரிசு ஒரு பிளேன்ரீயும் ஒரு கடி பனங்கட்டியும். பத்து நாளில் அதுவும் சாதாரணமாகிப் போனதால், புறாக்களின் தந்திரத்தை நானே எடுத்துக்கொண்டேன். பழைய நெஸ்டமோல்ட் டின் ஒன்றில் பன்னிரண்டு சீட்டுகளை மடித்துப் போட்டிருக்கிறேன். ஏழில் ‘தொடர்க’, நான்கில் ‘பிளேன்ரீ’, ஒன்றில் ‘கடற்கரை வரை நடை’. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்துப் போடுவேன். கைபேசிக்காகத் துடித்த அதே ஆவல் இப்போது அந்த டின்னுக்காக எழுகிறது என்று சொன்னால் மனைவி சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

எல்லா வேலைக்கும் பரிசு வைக்க வேண்டாம். 1973இல் வெளியான ஆய்வொன்றில், படம் வரைய இயல்பாகவே விரும்பிய சிறுவர்களுக்கு முன்கூட்டியே பரிசு வாக்களித்து வரையச் செய்தபோது, பிற்பாடு அவர்களின் ஆர்வம் குறைந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் அக்காவின் மகனுக்கு இணைந்த கணிதத்தில் தீராத விருப்பம், இரசாயனவியல் என்றால் கசப்பு. அவனுடைய டின் இரசாயனவியல் கடந்தகால வினாத்தாள்களுக்கு மட்டுந்தான்.

இன்பம் தரும் தூண்டல்களைச் சில காலம் ஒதுக்கிவைக்கும் ‘டோபமின் விரதம்’ என்று இப்போது பேசப்படுவதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். டோபமின் இல்லாமல் கை காலைக்கூட ஒழுங்காக அசைக்க முடியாது. விரதமிருந்து அதை வெளியேற்றவும் முடியாது. அதில் பலன் காண்பவர்களுக்கு உதவுவது சமிக்ஞைகள் குறைவதுதான், அதற்கு மேற்சொன்ன ஒழுங்கே போதும்.

ஒழுங்கு குலையும் நாட்களும் வரும். நேரந்தவறிக் கைபேசியைத் திறந்துவிட்டால் அன்றைய பட்டியலைக் கிழிக்க வேண்டாம். அந்தத் துண்டுக்குச் சீட்டு எடுக்காமல் அடுத்த துண்டுக்குப் போங்கள். மாலையில் மேசையை மூடுமுன், மறுநாள் முதல் துண்டின் முதல் வாக்கியத்தைப் பாதிவரை எழுதி நிறுத்திவிட்டு, புதிய கடதாசியில் பெட்டிகளை வரைந்து, மேலேயுள்ள இரண்டுக்கும் சரி போட்டு வைத்துவிடுங்கள்.