ராத்திரில தேவாங்கு பாக்கப் போறீங்களா?

மதுரைல இருந்து திண்டுக்கல் தாண்டி அய்யலூர், கடவூர் பக்கம் போனா தேவாங்கு இருக்கு, 2022ல அங்க சரணாலயமே அறிவிச்சாச்சு. காட்டுக்குள்ள பர்மிஷன் இல்லாம நுழையாதீங்க, வனத்துறை ஆளோட போங்க, இல்ல ஊர் ரோட்டோரமா இருக்குற வேலியையும் முள்மரத்தையும் பாத்தாலே போதும்.

இருட்டுன பிறகுதான் அது வெளிய வரும். டார்ச்ல செவப்புக் கண்ணாடிப் பேப்பர் ஒட்டிக்கோங்க, வெள்ளை லைட் அதோட பெரிய கண்ணுக்கு ஆகாது. அப்படியே கிளைங்க மேல மெதுவா அடிச்சுட்டே வந்தா ரெண்டு கண்ணு ஜோடியா பளிச்சுனு மின்னும், அங்க நின்னுருங்க. விசில் அடிச்ச மாதிரி சத்தம் கேட்டாலும் அதுதான்.

கைய கவனிங்க, அதுலதான் விஷயமே இருக்கு. ஆஸ்திரேலியாவுல மரத்துல வாழுற கோலாவுக்கு கிளைய பிடிக்க முன்னங்கால்ல ரெண்டு கட்டைவிரல்ங்கிறாங்கல்ல, இதுக்கு வேற டெக்னிக்: ஆள்காட்டி விரல் குட்டையா சுருங்கிப்போய் கட்டைவிரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல இடுக்கி மாதிரி அகலமான பிடி கிடைக்குது, கை காலுக்குள்ள ரத்தக்குழாய் வலை மாதிரி பின்னி ஓடுறதால ரொம்ப நேரம் தொங்கினாலும் அந்தப் பிடி விடாது. வாலும் கிடையாது, தாவவும் வராது, கிளை விட்டு கிளை பிடிச்சுதான் போகும், அதனாலதான் ரோடு போட நடுவுல மரத்த வெட்டுனா அங்குட்டு போக வழியில்லாம நிக்குது பாவம்.

குட்டி தனியா இருந்தா தூக்கிறாதீங்க, தாய் அத கிளைல விட்டுட்டு பூச்சி பிடிக்கப் போயிருக்கும்.