சேட்டுப் பொத்தான் தைக்கும்போது கழுத்து விட மறக்காதீர்கள்

திருகோணமலைக் கோணேசர் கோயில் வாசலில் அவசரமாகச் சேட்டைக் கழற்றினேன், நடுப்பொத்தான் தெறித்து ஓடிவிட்டது. கோணேசர் மலையில் விழுந்த பொத்தானைத் தேடி எடுக்கிற காரியமா? கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் நிற்கிற மான்கள் பார்க்க, வயிற்றருகே சேட்டைக் கையால் பிடித்தபடி வீட்டுக்கு வந்தேன். அம்மா இன்றைக்கும் பொத்தானைத் 'தெறி' என்றுதான் சொல்வார். பொருத்தமான பெயர்.

அன்றிரவே நானே தைத்தேன். நன்றாக இறுக்கி, பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டினேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் போனது, இந்த முறை துணியையும் கொஞ்சம் கிழித்துக்கொண்டு. டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, தெறிக்குக் கழுத்து விடேல்லையே" என்றார். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றி விடுகிற சின்ன இடைவெளியைத்தான் கழுத்து என்கிறார். விஷயம் அவ்வளவுதான்.

முதலில் பொத்தான். சேட்டின் உள்பக்கம், துவைக்கும் குறிப்பு உள்ள துண்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்று மேலதிகமாகத் தைத்திருப்பார்கள். இல்லையென்றால் கடையில் 18 லைன் கேளுங்கள். ஒரு லைன் என்பது அங்குலத்தில் 40இல் ஒரு பங்கு, ஆக 18 லைன் ஏறக்குறைய 11.4 மில்லிமீற்றர். அதுவும் கிடைக்காவிட்டால், காற்சட்டைக்குள் மறைகிற கடைசிப் பொத்தானை வெட்டி நடுவில் தைத்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

நூல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் இற்றுவிடும். ஹோட்டல் அறையில் கிடைக்கும் சின்னத் தையல் பெட்டி நூலை இழுத்துப் பாருங்கள், பாதி கையோடு வரும். இரட்டையாக்கினால் ஒரு முழம் வருகிற அளவு போதும். நீளமாக எடுத்தால் சிக்கு விழும். மெழுகுதிரியில் இரண்டு தடவை உரசி இழுத்தால் முறுக்கேறாது. நுனியில் முடிச்சுப் போடுங்கள்.

இடத்தைக் கண்ணளவில் குறிக்க வேண்டாம். மற்றப் பொத்தான்களைப் பூட்டிவிட்டு, காலியான ஓட்டையின் நடுவில் ஊசியைக் குத்தினால் கீழே சரியான புள்ளி விழும். அந்த இடத்தில் பொத்தான் இல்லாமலே ஒரு சின்னத் தையல் போட்டு நூலை நிலைப்படுத்துங்கள்.

இப்போதுதான் கழுத்து. பொத்தானை வைத்து, அதன் மேல் துளைகளுக்கு நடுவே ஒரு நெருப்புக்குச்சியைக் கிடத்துங்கள். ஒவ்வொரு தையலும் குச்சிக்கு மேலாகப் போக வேண்டும். நான்கு துளை என்றால் ஒவ்வொரு சோடிக்கும் மூன்று தடவை போதும், நூல் ஏற்கெனவே இரட்டை. குறுக்கா நேரா என்று மற்றப் பொத்தான்களைப் பார்த்து அதே மாதிரி தையுங்கள். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டுப் பொத்தானை மேலே தூக்கினால், துணிக்கும் அதற்கும் நடுவில் நூல் தளர்ந்து நிற்கும். ஊசியைத் துணிக்கு மேலே, பொத்தானுக்குக் கீழே கொண்டுவந்து அந்த நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அந்தச் சுற்றுத்தான் கழுத்து. பூட்டும்போது ஓட்டைப் பக்கத்துத் துணி உட்காருவதற்கு அந்த இடைவெளி வேண்டும். நான் முதலில் தைத்ததில் அது இல்லை. துணி சுருங்கி, ஒவ்வொரு தடவை பூட்டும்போதும் தையலை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கடைசியில் ஊசியைப் பின்பக்கம் இறக்கி, சின்னக் கண்ணி விட்டு அதற்குள் ஊசியை நுழைத்து இழுங்கள். இரண்டு தடவை. அப்புறம் வெட்டுங்கள். பல்லால் கடிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவரின் வெள்ளைச் சேட்டில், ஈரக் கையோடு பிடித்ததால் குச்சி மருந்தின் சாயம் ஒட்டிக்கொண்டதாம். தலையை முறித்துவிட்டுப் பாவியுங்கள். மெல்லிய சேட்டுக்குக் குச்சியே தடிப்பு, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை முறித்து வைத்தால் கழுத்து அளவாக வரும். என் சேட்டு மாதிரித் துணி கிழிந்திருந்தால், உள்பக்கம் நகமளவு துண்டுத் துணி வைத்து அதையும் சேர்த்துத் தையுங்கள். கோட்டுக்குத் துணி தடிப்பு என்பதால் இரண்டு குச்சி வையுங்கள்.