ஒரு ஏ3 தாளில் இங்கிலாந்து கால்பந்து சீசன்

இங்கிலாந்து கால்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சனிக்கிழமை ஒரு ஆட்டம். புதன்கிழமை அதே அணி வேறொரு மைதானத்தில் தோற்கிறது, ஆனால் பாயிண்ட் பட்டியலில் எதுவும் மாறவில்லை. வியாழன் ராத்திரி பார்த்தால் போலந்திலோ உக்ரைனிலோ உள்ள அணியோடு ஆட்டம். "யக்கா, இது எந்தப் போட்டியில வருது?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள்.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸும் பைண்டிங்கும் செய்கிற கடை என்னுடையது. புராஜெக்ட் பைண்டிங்குக்கு வரும் காலேஜ் பையன்கள்தான் கேட்கிறவர்கள். நான் பிறந்தது உவரி. கோயில் முன்னால் மணலில் பந்து உருளாத சாயங்காலம் அங்கே கிடையாது, அதனால் இந்தக் கிறுக்கு எனக்குப் புதிதில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளாமல் ஒரு ஏ3 தாளில் சார்ட் போட ஆரம்பித்தேன். அதை எப்படிப் போடுவது, எப்படி நிரப்புவது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள். இதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு: வருஷா வருஷம் கோப்பை தூக்குகிற அணி வேண்டாம். நடுவில் கிடக்கிற அணியை எடுங்கள். மேலே இருக்கிற அணிக்கு இருக்கிற கேள்வி ஒன்றுதான், சாம்பியன் ஆகுமா ஆகாதா. நடுவில் இருப்பதற்குக் கீழே இறங்கிவிடுவோமோ என்ற பயம், ஐரோப்பாவுக்குப் போகலாமோ என்ற ஆசை, ஒரு கப்பாவது கிடைக்காதா என்ற நப்பாசை மூன்றும் இருக்கும். சீசனின் எல்லா வாசலும் அங்கிருந்துதான் தெரியும். என் அணி தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ். நீங்கள் ஃபுல்ஹாம் எடுங்கள், பிரென்ட்ஃபோர்டு எடுங்கள். ஜனவரியில் மட்டும் மாற்றாதீர்கள்.

இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் அட்டவணை ஜூனில் வந்துவிடும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டிய சமயம் அது. அங்கே லீக் பந்து உருளாத நாட்கள். தாளை எடுத்து, இடது ஓரத்தில் ஆகஸ்ட் முதல் மே வரை வாரத்துக்கு ஒரு வரி போடுங்கள். குறுக்கே நான்கு பத்தி: லீக், எஃப்ஏ கப், லீக் கப், ஐரோப்பா. வலது ஓரத்தில் குறுகலாக ஒன்று, அதுவரை சேர்ந்த பாயிண்டுக்கு. லீக் பத்தியைப் பென்சிலால் மட்டும் நிரப்புங்கள். டிவிக்காக ஆட்டங்களைச் சனியிலிருந்து ஞாயிறுக்கும் திங்களுக்கும் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். கப் ஆட்டம் குறுக்கே வந்தால் லீக் ஆட்டம் தள்ளிப்போய் மாதக்கணக்கில் தொங்கும். அப்படித் தொங்குகிறதை வட்டமிட்டு வையுங்கள். பட்டியலில் உங்கள் அணி பதினோராவது என்று காட்டும்போது, இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருப்பது உங்களுக்கு மட்டும் தெரியும்.

லீக் பத்தியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம், வெற்றிக்கு 3 பாயிண்ட், டிராவுக்கு 1. சமமாக வந்தால் கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது, பார்ப்பார்கள். 2012இல் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் 89 பாயிண்டில் நின்றன. கோல் வித்தியாசத்தில் சிட்டி ஜெயித்தது. ஆகவே 4-0 என்று தோற்கும் நாளில் டிவியை அணைக்காதீர்கள், ஐந்தாவது கோல் மே மாதம் கணக்குக் கேட்கும். கடைசி மூன்று அணிகள் கீழே போகும். கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று தலா 24 அணிகள் கொண்ட மூன்று அடுக்குகள். ஆக மொத்தம் 92 கிளப்புகள். சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு அணிகள் நேராக மேலே வரும். மேலே வரும் மூன்றாவது அணி எது என்பதை, அடுத்து நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடும் பிளே-ஆஃப் முடிவு செய்யும். மேலே வருவதைவிடத் தங்குவது கஷ்டமாகிவிட்டது. 2023-24, 2024-25 இரண்டு சீசன்களிலும் மேலே வந்த மூன்று அணிகளுமே திரும்பக் கீழே போயின. சவுத்தாம்ப்டன் 12 பாயிண்டோடு போனது.

கப் பத்திகளைக் காலியாகவே விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் ஜெயித்தால்தான் அடுத்த வரி. லீக் கப்பில் அந்த 92 கிளப்புகள் மட்டும். இறுதி ஆட்டம் பிப்ரவரி, மார்ச்சில் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் நடக்கும், நம் பக்கம் பிசானம் அறுப்பு ஓடுகிற சமயம். எஃப்ஏ கப் 1871இல் தொடங்கியது. 700க்கும் மேற்பட்ட கிளப்புகள், அக்கம்பக்கத்து ஊர் அணிகள் உட்பட. பிரீமியர் லீக் அணிகள் ஜனவரியில், மூன்றாவது சுற்றில்தான் உள்ளே வரும். முன்பெல்லாம் டிரா ஆனால் இன்னொரு நாள் மறு ஆட்டம் உண்டு. 2024-25 முதல் பிரதான சுற்றுகளில் அது கிடையாது. எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி, அன்றைக்கே முடிவு. இந்த மூன்றாவது சுற்று வார இறுதி பொங்கலுக்கு முன்னால் வரும். கரும்பு வாங்கக் கடைவீதி போவதை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். 2026 ஜனவரியில் நடப்புச் சாம்பியனான எங்கள் பேலஸை, ஆறாம் அடுக்கில் ஆடும் மாக்கிள்ஸ்ஃபீல்டு 2-1 என்று தோற்கடித்தது அந்தச் சனிக்கிழமைதான். அந்த வருஷம் என் பொங்கல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

ஐரோப்பா பத்திதான் சார்ட்டின் கஷ்டமான இடம். சுவையான இடமும் அதுதான். மேலிருந்து கீழாக மூன்று போட்டிகள்: சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக். 2024-25 முதல் மூன்றிலும் 36 அணிகள் ஒரே பட்டியலில் நிற்கின்றன. முதல் இரண்டில் ஆளுக்கு 8 ஆட்டம், கான்ஃபரன்ஸ் லீக்கில் 6. முதல் 8 இடம் பிடித்தால் நேராகக் கடைசி 16க்குள். 9 முதல் 24 வரை வந்தவை பிளே-ஆஃப் ஆட வேண்டும். 25க்குக் கீழே என்றால் வீட்டுக்கு. அந்த 36 அணிகளையும் தாளில் எழுத உட்காராதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும். உங்கள் அணியின் ஆட்டங்களையும், 8, 24 என்ற இரண்டு எண்களையும் எழுதினால் போதும்.

யார் எந்தப் போட்டிக்குப் போவது என்பதுதான் உண்மையான கணக்கு. லீக்கில் மேல் இடங்கள் சாம்பியன்ஸ் லீக்குக்கு. அடுத்த இடமும் எஃப்ஏ கப் வெற்றியும் யூரோப்பா லீக்குக்கு. லீக் கப் வெற்றி கான்ஃபரன்ஸ் லீக்குக்கு. கப் ஜெயித்தவர் ஏற்கெனவே லீக்கில் நல்ல இடம் பிடித்திருந்தால் அந்த டிக்கெட் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்கு இறங்கும்.

2024-25 சீசனை எடுத்துச் சொன்னால் எல்லாம் விளங்கும். இங்கிலாந்து அணிகள் ஐரோப்பாவில் நன்றாக ஆடியதால் அந்த வருஷம் நாலுக்குப் பதில் ஐந்து லீக் இடங்களுக்கு சாம்பியன்ஸ் லீக் கிடைத்தது. லீக் கப்பை நியூகாசில் ஜெயித்தது, 1955க்குப் பிறகு அவர்களுக்கு வந்த முதல் உள்நாட்டுக் கோப்பை. ஆனால் அவர்கள் லீக்கில் ஐந்தாவது வந்து சாம்பியன்ஸ் லீக் போய்விட்டார்கள். அதனால் அந்த கான்ஃபரன்ஸ் லீக் டிக்கெட் ஏழாவது வந்த நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு இறங்கியது. டாட்டன்ஹாம் லீக்கில் 17ஆவது, கீழே விழாமல் தப்பிய கடைசி இடம். ஆனாலும் பில்பாவோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெடை 1-0 என்று தோற்கடித்து யூரோப்பா லீக் வாங்கி, அந்தப் புண்ணியத்தில் சாம்பியன்ஸ் லீக் போனது. தோற்ற யுனைடெடுக்கு அடுத்த வருஷம் ஐரோப்பாவே கிடையாது. ஒரே கோல்தான்.

அந்த வருஷம் லீக்கில் பன்னிரண்டாவது வந்த எங்கள் பேலஸ், மே 17ஆம் தேதி வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று ஜெயித்து எஃப்ஏ கப் வாங்கியது. கிளப்புக்கே முதல் பெரிய கோப்பை. 16ஆவது நிமிடத்தில் எஸே கோல் போட்டார், அப்புறம் எங்கள் கோல்கீப்பர் ஹெண்டர்சன் ஒரு பெனால்டியைத் தடுத்தார். சார்ட்டில் யூரோப்பா லீக் என்று பேனாவாலேயே எழுதிவிட்டேன். ஆனால் பேலஸில் பங்கு வைத்திருந்தவருக்குப் பிரான்சின் லியோன் கிளப்பிலும் பிடி இருந்தது. லியோனும் அதே போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. ஒரே ஆளின் பிடியில் உள்ள இரண்டு கிளப்புகள் ஒரே போட்டியில் ஆடக் கூடாது என்பது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் விதி. லியோன் தன் லீக்கில் ஆறாவது, நாங்கள் பன்னிரண்டாவது. எங்களைக் கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கிவிட்டு, ஃபாரஸ்டை யூரோப்பா லீக்குக்கு ஏற்றினார்கள். மேல்முறையீடும் ஆகஸ்டில் தள்ளுபடி. ஃபாரஸ்ட் ஒரு பந்தும் தொடாமல் இரண்டு முறை டிக்கெட் வாங்கியது. ஐரோப்பா பத்தியை ஏன் பென்சிலால் எழுத வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்து நேரம். பாதிப் பேர் சீசனைக் கைவிடுவது இதனால்தான். கோடையில் அவர்கள் கடிகாரத்துக்கும் நமக்கும் நாலரை மணி வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி. தாளில் அந்த இரண்டு ஞாயிறுகளுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போடுங்கள். அவர்களுடைய சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் கோடைக்காலத்தில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சாயங்காலம் 5.30 ஆட்டம் நமக்கு 10 அல்லது 11. ஐரோப்பிய ஆட்டங்கள் முன்னது 10.15 அல்லது 11.15, பின்னது நள்ளிரவு 12.30 அல்லது 1.30. சாம்பியன்ஸ் லீக் அவர்களுக்குச் செவ்வாய், புதன் என்றால் பின்னிரவு ஆட்டம் நம் காலண்டரில் புதனும் வியாழனும். வியாழன் போட்டி வெள்ளி அதிகாலை. தேதியை மாற்றி எழுதுங்கள்; இல்லாவிட்டால் ஒரு நாள் முந்தியே டிவி முன்னால் போய் உட்காருவீர்கள்.

இதில் நமக்கு ஒரு யோகமும் உண்டு. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனுக்குள் கால்பந்தை டிவியில் நேரலையாகக் காட்ட மாட்டார்கள். சின்ன கிளப்புகளின் மைதானத்துக்குக் கூட்டம் குறையக் கூடாது என்று 1960களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. அந்த நேரத்து ஆட்டத்தை லண்டன்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது, சமாதானபுரத்தில் உட்கார்ந்து நாம் பார்க்கலாம்.

எல்லா ராத்திரியும் விழிக்காதீர்கள். காலையில் ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்குகிறவள் சொல்கிறேன். லீக் ஆட்டம் 11 மணியோடு சரி. நள்ளிரவுக்கு மேல் என்றால், சொந்த ஊரில் ஒன்று வெளியூரில் ஒன்று என்று ஒரே எதிரணியோடு ஆடும் இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதாக இருந்தால் மட்டும். முதல் ஆட்டத்தின் முடிவைக் காலையில் தெரிந்துகொண்டால் போதும். வெளியூரில் போட்ட கோலுக்கு இருந்த தனி மதிப்பை யூஃபா 2021இல் எடுத்துவிட்டது, ஆகவே இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டிப் பார்த்தாலே கணக்கு முடிந்தது. வீட்டில் மற்றவர்கள் தூங்குவார்கள். இயர்போன் போடுங்கள், கோலுக்குக் கத்தாதீர்கள். இதில் எங்கள் வீட்டுக்காரருக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நம்மூர் காரியங்களையும் சார்ட்டில் எழுதிவிடுங்கள். 2025 விஜயதசமி அன்று இரவு 10.15க்கு போலந்தின் லுப்ளினில் உக்ரைன் அணியான டைனமோ கீவோடு பேலஸின் ஆட்டம். பாளையங்கோட்டை முழுக்க தசரா சப்பரங்கள். ஒரு காதில் இயர்போன், ஒரு காதில் மேளம். 2-0 என்று ஜெயித்தோம். கார்த்திகை, மார்கழியில் மழை பார்த்து போனை முழுக்க சார்ஜ் போட்டு வையுங்கள். 2023 டிசம்பர் 17 இரவு தாமிரபரணி பெருகிக்கொண்டிருந்தபோது ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெடும் ஆடினார்கள். எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பிற்பாடு 0-0 என்று கேள்விப்பட்டபோது, அந்த ஒரு விஷயத்திலாவது நஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தச் சானலில் வரும் என்பதை ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாகப் பாருங்கள். லீக் ஓரிடம், ஐரோப்பா வேறிடம் என்று உரிமை பிரிந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் சந்தா கட்டாமல் உங்கள் அணி எதில் அதிகம் வருமோ அதற்கு மட்டும் கட்டுங்கள்.

மே மாதக் கடைசி ஞாயிறுகளில் ஒன்றில், அக்னி நட்சத்திர வெக்கையில், லீக்கின் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும், வழக்கமாக நமக்கு இரவு 8.30. அடுத்தவர் முடிவைப் பார்த்து யாரும் ஆடிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. அன்றைக்கு டிவியில் உங்கள் அணியை வைத்துக்கொண்டு, போனில் பட்டியலைத் திறந்து வையுங்கள். 17, 18ஆவது இடங்களும் ஐரோப்பா டிக்கெட்டின் கடைசி இடமும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். சார்ட்டை மடியில் வைத்து ரப்பரும் பென்சிலுமாக உட்காருங்கள். பத்தரை, பத்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்ததும் பேனாவை எடுங்கள். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் ஒரு வரி மிச்சம் வையுங்கள். 2026 முதல் அதை மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 6 மணிக்கே தொடங்குகிறார்கள், நமக்கு இரவு 9.30. மறுநாள் காலையில் கடையை நேரத்துக்குத் திறந்துவிடலாம்.