ராடு வாங்கும் முன் கிராங்கைத் திருப்பிப் பாருங்கள்

செந்தூலில் நண்பரின் ஒர்க்ஷாப்புக்குப் போன மாதம் ஒரு தம்பி பெட்டியோடு வந்தான். உள்ளே பளபளவென்று நான்கு ஹெச்-பீம் ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும், குறுக்குவெட்டில் H வடிவமுள்ள தண்டுகள். ஹாஃப் கட் கடையில் (பழைய காரைப் பாதியாக வெட்டி விற்கும் கடை) எடுத்த, மிட்சுபிஷி 4ஜி63 என்ஜினின் கிராங்கில் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பூட்ட வேண்டுமாம். கிராங்கைத் திருப்பி, ஃப்ளைவீல் சக்கரத்தைப் பூட்டும் போல்ட் துளைகளை எண்ணினோம். ஆறு. ராடோ ஏழு போல்ட் கிராங்குக்கு உரியது. ராடு அமரும் உருளைப் பகுதியான ஜர்னல் இரண்டிலும் 45 மி.மீ. தான், ஆனால் ஏழு போல்ட் ராடின் அடிப்பாகம் ஒல்லி, பேரிங்கும் வேறு. என்ஜின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான்.

அடுத்து ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, கூட்டும் ஆசை. 4ஜி63-க்கு 88 மி.மீ., அதே குடும்பத்து 4ஜி64 என்ஜின் கிராங்குக்கு 100. அதை எடுத்து அப்படியே போட்டால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 6 மி.மீ., பிஸ்டன் மேலே ஏறி பிளாக்கைத் தாண்டி நிற்கும். ராடைக் கோர்க்கும் பிஸ்டன் பின்னுக்கான துளை அந்த அளவு மேலே உள்ள பிஸ்டன் வேண்டும், இல்லையென்றால் உயரமான 4ஜி64 பிளாக். சரி, அதையும் வாங்கிவிட்டீர்கள். 8000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 23.5 மீட்டரிலிருந்து 26.7-க்குப் போய்விடும். ரெட்லைனை, அதாவது என்ஜின் சுற்றலாம் என்ற உச்ச வேகத்தை, குறைக்க மனசு வருமா?

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து ராடு எடுப்பவர்கள் போல்ட்டைப் பார்ப்பதே இல்லை. ராடை இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும்: 7000-லிருந்து 8000 போனால் சுமார் 30 சதவீதம் கூடுதல். அந்த இழுவையைத் தாங்குவது போல்ட்தான். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். தடவிய எண்ணெய் மாறினாலே அந்தக் கணக்கு மாறும். போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று கேஜ் வைத்து அளப்பதே சரி. பழைய ராடில் போல்ட்டை மாற்றினால், அடித்துளை இன்னும் வட்டமாக இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்.

எடை குறையும் என்று ரப்பர் டேம்பர் உள்ள புல்லியைக் கழற்றி அலுமினியம் போடுவதை நான் செய்ய மாட்டேன். கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குவதே அந்த ரப்பர்தான்.

என் சொந்தத் தவறும் ஒன்று உண்டு. கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கை டீசலில் நனைத்துத் துடைத்துவிட்டு அப்படியே பூட்டினேன். எண்ணெய்த் துளைக்குள் தூள் இருந்தது. ஒரு வாரத்தில் அடியிலிருந்து டக் டக் சத்தம். பேரிங்கைக் கழற்றினால், நகத்தால் கீறியதுபோல் செப்பு நிறக் கோடுகள். இப்போதெல்லாம் ஒவ்வொரு துளையிலும் நீள பிரஷ் விட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை கழுவுகிறேன். அப்புறம்தான் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து பேரிங் இடைவெளி பார்ப்பேன், 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 மி.மீ. பக்கத்தில் வந்தால்தான் ராடின் மூடியைக் கடைசியாக இறுக்குவேன்.