படகில் தீப்பிடிக்காமல் இருக்க: நான்கு நிமிட ப்ளோவரும் ஒரு டிஷ்யூ பேப்பரும்

டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்காக இரண்டு வருடம் முன்பு பழைய 19 அடி படகு ஒன்று வாங்கினேன். பெட்ரோல் எஞ்சின், அதுவும் மூடி போட்ட அறைக்குள் இருக்கிற வகை. அந்த அறைக் காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி வெளியே தள்ளும் மின்விசிறிதான் ப்ளோவர். படகு ஓட்டுவது, கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. பெட்ரோல் போடும்போது

எஞ்சின், மின்சாரம், அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஆட்கள் எல்லாரும் கரையில் இறங்கட்டும். கதவு, ஜன்னல், மூடிகளைச் சாத்துங்கள். கையில் தூக்கும் டாங்க் என்றால் அதைக் கரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரியும்.

2. ப்ளோவர் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே இறங்கி ரோட்டோடு கலைந்துவிடும். படகு ஒரு கிண்ணம் மாதிரி. ஆவி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி பறந்தால் போதும். அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்குச் சற்றுமுன் குறைந்தது 4 நிமிடம் ப்ளோவரை ஓட்ட வேண்டும் என்று கனடாவில் சட்டமே இருக்கிறது.

நானும் கடிகாரம் பார்த்து ஓட்டினேன். ஒருநாள் பெட்ரோல் போட்டபின் நான்கு நிமிடம் முடித்து, சந்தேகத்தில் எஞ்சின் மூடியைத் திறந்தால் குப்பென்று வாடை! ப்ளோவரோ கிர்ரென்று நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் வெளியே காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் காற்றே வரவில்லையே" என்றார். உள்ளே பார்த்தால் குழாய் ப்ளோவரிலிருந்து கழன்று தொங்குகிறது. குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு மாதமாகச் சத்தத்தை நம்பித்தான் சாவியைத் திருப்பியிருக்கிறேன்.

இப்போது செய்வது இதுதான்: ப்ளோவரைப் போட்டதும் வெளித் துவாரத்துக்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடிப்பேன். அது நன்றாகப் படபடக்க வேண்டும். நான்கு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். வாடை இருந்தால் சாவியில் கை வைப்பதில்லை, கசிவைத் தேடுவேன். படகுத்துறையில் பெட்ரோல் போடப் பின்னால் காத்து நிற்கிற படகுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கிளாம்ப் மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். மற்றதெல்லாம் காசுக்குக் கேடு.

3. ஒயர்

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். அமெரிக்கப் படகுத் தரவிதி பொதுவாக 7 அங்குலத்துக்குள் என்கிறது; ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் விலக்கு. ஒயர் வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பாக இருக்கட்டும். வீட்டு ஒயரிங் ஒயர் அதிர்வில் முறிந்துவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பைக் கண்டால் நான் வெட்டி எறிந்துவிடுவேன். ராட்செட் கிரிம்பர் (ஒயர் முனையை அழுத்தி இணைக்கும் இடுக்கி) ஒன்று வாங்கி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டெர்மினல் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை உள்ள இணைப்பு முனை) போடுங்கள். விலை உறுத்தும், ஆனால் ஒருமுறைச் செலவு.

கார் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிற ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். படகுக்கானதில், உள்ளே பறக்கும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்ற வைக்காதபடி அடைத்திருப்பார்கள். காருக்கானதில் அது கிடையாது.

4. தீயணைப்பான்

ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். எஞ்சின் அறைக்குள் வைத்தால் தீ பிடித்த அன்று எடுக்கவே முடியாது. அப்புறம், புகை வந்தால் மூடியை அகலத் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும். மூடியில் சின்னத் துளையும் அடைப்பும் உள்ள 'ஃபயர் போர்ட்' பொருத்தினால், அதன் வழியாகவே அடிக்கலாம்.

பின்சேர்க்கை 1: டிஷ்யூ படபடத்தும் வாடை போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உறிஞ்சும் குழாயின் முனையை மூடிக்குக் கீழேயே கட்டி வைத்திருக்கிறார், மேல்காற்றைத்தான் அது இழுக்கிறது! முனை எஞ்சின் அறையின் அடி மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும், ஆனால் தேங்கும் தண்ணீருக்கு மேலே. தண்ணீரில் மூழ்கினால் காற்றே வராது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தவறு.

பின்சேர்க்கை 2: "எனக்கு அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்), இதெல்லாம் வேண்டுமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எஞ்சின் வெளியே இருக்கிறது, சரி. டாங்க் எங்கே? சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் என்றால் ஆவி அங்கேயும் தங்கும். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்டியைத் திறந்து விட்டு, முகர்ந்து பாருங்கள்.