உண்ணி கடித்தால் தீக்குச்சியைத் தேடாதீர்கள்

தோலில் உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் பலர் தேடுவது தீக்குச்சியை, இல்லையென்றால் மண்ணெண்ணெயை. சூடு பட்டால் தானாகக் கழன்றுவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் எரிச்சலடைந்த உண்ணி தன் உமிழ்நீரைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். அதில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகும். வாசலின், நெயில் பாலிஷ், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உண்ணி ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

சரி, எப்படி எடுப்பது? நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, நேராக மேலே, சீராக இழுங்கள். திருகாதீர்கள், வெடுக்கென்று பிடுங்காதீர்கள், உப்பிய வயிற்றை அழுத்தாதீர்கள். வாய்ப்பகுதி உள்ளே தங்கி, இடுக்கிக்கு அகப்படாவிட்டால் ஊசியால் குடைய வேண்டாம்; நாளடைவில் தோலே வெளியே தள்ளிவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்ததை நகத்தால் நசுக்குவது அடுத்த தவறு. நாய்க்கு உண்ணி எடுக்கும் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். டேப்பில் ஒட்டி மடித்தோ ஸ்பிரிட்டில் போட்டோ அப்புறப்படுத்துங்கள்.

கண்ணில் படும் உண்ணியைவிட எனக்குக் கவலை தருவது கண்ணில் படாததுதான். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மக்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. அதுதான் குரங்குக் காய்ச்சல். பிற்காலத்தில் வயநாடு, நீலகிரிக் காட்டோரங்களிலும் தலைகாட்டியது. மனிதருக்கு இதைக் கொண்டுவருபவை பெரும்பாலும் கசகசா அளவே உள்ள இளம் உண்ணிகள். பனிக்காலம் தொடங்கி மே வரை அவை பெருகியிருக்கும். சருகு அள்ளுவதும் விறகு பொறுக்குவதும் அதே மாதங்களில்தான்.

"கடித்தால் தெரியாதா?" என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வலிக்காது. காட்டுக்குள் போகும்போது முழுக்கைச் சட்டை, பேண்ட் நுனி சாக்ஸுக்குள், வெளியே தெரியும் தோலில் டீட் அல்லது டெப்பா கலந்த பூச்சிவிரட்டி. திரும்பியதும் குளித்து, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். குழந்தைகளின் தலையை நீங்களே பாருங்கள். போட்டிருந்த துணியைக் கட்டிலில் வீசாமல் நேரே வெந்நீரில் போடுங்கள்.

அடுத்த சில நாட்களில், ஏன், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட, மாத்திரையை நீங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். குரங்குக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து இல்லை. சீக்கிரம் மருத்துவமனைக்குப் போவதுதான் உயிரைக் காக்கும். ஸ்க்ரப் டைபஸ் என்பது வேறொரு காய்ச்சல். அதைப் பரப்புவது உண்ணியின் உறவான சிறு பூச்சியின் இளங்குஞ்சு. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தால் நன்றாகக் கேட்கும், ஆனால் தாமதித்தால் உறுப்புகள் பாதிக்கப்படும். அது கடித்த இடத்தில் வலிக்காத கறுத்த பொருக்கு ஒன்று, உடலில் மறைவாக இருக்கலாம். கூச்சப்படாமல் காட்டுங்கள். புதர்ப்பக்கம் போனதையும் மாடு நாய் வளர்ப்பதையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள், தொடவும் வேண்டாம். உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதை விட்டு இறங்கி அடுத்த இரைக்காகச் சுற்றிலும் காத்திருக்கும். வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.