ஏழு கிலோவில் ஜப்பான்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ஒசாகா. செக்-இன் லக்கேஜ் எடுக்காமல், கைப்பையோடு மட்டும் பத்து நாள் ஜப்பான் பயணம். ஏர்ஏசியாவில் கைப்பெட்டியும் தோள்பையும் சேர்த்தே 7 கிலோதான். பெட்டியின் நீளம், அகலம், தடிமன் 56, 36, 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் போய்க் கூடுதல் எடைக்குப் பணம் கட்டினால், மலிவு டிக்கெட் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

எல்லோரும் துணியைத்தான் குறைக்கப் பார்க்கிறார்கள். நான் பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். துணி வைக்கும் முன்பே பாதியை நெருங்கிவிடுகிறது. ஒரு கிலோ அளவில் நல்ல முதுகுப்பை கிடைக்கிறது. கூடவே, கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்ன தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணளவெல்லாம் இதில் எடுபடாது.

நவம்பர் கடைசியில் கியோட்டோவில் பகலில் நம் கொடைக்கானல் குளிர். இரவில் இன்னும் இறங்கும். தடி ஸ்வெட்டர் வேண்டாம். உள்ளே தெர்மல், மேலே குர்தி, அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்குங்கள். ஷூ, ஜீன்ஸ், ஜாக்கெட் மூன்றும் உடம்போடு போகட்டும், உடம்பில் இருப்பதை யாரும் நிறுப்பதில்லை. திருச்சி வெயிலில் ஜாக்கெட்டா என்றால் கையில் போட்டுக்கொள்ளுங்கள். பைக்குள் மூன்று குர்தி, ஒரு பேன்ட், நான்கு செட் உள்ளாடை, சாக்ஸ் போதும். புடவை கட்டிப் படம் எடுக்கும் ஆசையா? ஷிஃபான் புடவை இலேசுதான். பாவாடையும் ரவிக்கையும்தான் எடையை ஏற்றிவிடும்.

பத்து நாளுக்கு இது எப்படிப் போதும் என்றால், துவைப்பதால். அங்கே நடுத்தர விலை பிசினஸ் ஹோட்டல்களில் பெரும்பாலும் காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின் இருக்கும். 100 யென் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள். இரவு உடை, டவல், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் அவர்களே தருவார்கள். ஆகவே நைட்டியை வீட்டிலேயே விடலாம். ஆனால் ஈரிழைத் துண்டு ஒன்றை விடாதீர்கள். அலசிப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். கழுத்துக்குச் சுற்றலாம், ரயிலில் தலைக்கு வைக்கலாம்.

திரவங்களுக்கு 100 மில்லி விதி: எந்தப் பாட்டிலும் அதைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுதான் கணக்கு; 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள். எல்லாம் ஒரு லிட்டர் அளவுள்ள, உள்ளே தெரியும் ஜிப் கவரில் அடங்க வேண்டும். ஷாம்பு பாட்டிலுக்குப் பதில் நம் பெட்டிக்கடை சாஷே எடுங்கள். தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் உறைந்துவிடும், வாய் குறுகிய பாட்டிலில் இருந்தால் வெளியே வராது. அகல வாய் க்ரீம் டப்பாவில் ஊற்றிக்கொண்டால் விரலால் வழித்து எடுக்கலாம்.

அப்புறம் சாப்பாடு. நம் பெட்டிகள் கனப்பதே இதனால்தானே. ஊறுகாயைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு ஜப்பானில் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். இறைச்சிக்கும் தடை உண்டு, உப்புக்கண்டம் உட்பட. பருப்புப் பொடி கால் கிலோ, கெட்டி அவல் அரை கிலோ எடுத்தால் சமாளிக்கலாம். ஹோட்டல் கெட்டிலில் வெந்நீர் வைத்து அவலை ஊறவைத்து, பிழிந்து, பொடி தூவினால் காலைப் பலகாரம் முடிந்தது. "அக்கா, என் பையனுக்கு இந்த முறுக்கு மட்டும்" என்று வருகிறவர்களிடம் தராசைக் காட்டுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான். 20,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் சுமார் 74 வாட் ஹவர், விமானத்தில் விடும் 100 வாட் ஹவர் வரம்புக்குள்தான். நம் உருண்டைப் பின் அங்கே சேராது, தட்டை இரட்டைப் பின் அடாப்டர் ஒன்று வேண்டும்.

திரும்பும்போதும் அதே 7 கிலோதான். சாக்லேட், தேயிலை சரி. மிசோ டப்பாவைத் திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒசாகாவுக்குப் பக்கத்தில் சாக்காயில் செய்யும் சமையல் கத்தி பெயர்பெற்றது. என் வீட்டுக்காரருக்கு அதன் மேல் ஒரு கண். கத்தியைக் கேபினில் எந்த விமானத்திலும் விடமாட்டார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் செக்-இன் லக்கேஜை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். விமான நிலையத்தில் போய்க் கேட்பதைவிட மலிவாக முடியும்.